நுண்ணங்கிகளுக்கு ஒரு செக்ரோல்

விடிந்தும் விடியாத பனியில், தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நிற்பார்கள். கணக்கப்பிள்ளையின் கையில் செக்ரோல், வேலையாட்களின் பேர்ப் பதிவேடு. அவர் பேரைக் கூப்பிட, "இருக்கேங்கய்யா" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும். பேருக்கு நேரே ஓர் அடையாளம் விழும். சாயந்தரம் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்திருந்தால் முழுநாள் சம்பளமான முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். இலங்கை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டிஎன்ஏ மைக்ரோ அரே என்றால் என்ன என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டால், நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவர்களைப் பெரட்டுக் களத்துக்குத்தான் கூட்டிப்போவேன். அந்தக் கருவியும் பேர் கூப்பிடுகிற வேலையைத்தான் செய்கிறது. கூப்பிடப்படுகிறவர்கள்தான் வேறு: மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கூட்டமாக வாழும் நுண்ணங்கிகள்.

முள்ளால் குத்தி மண்ணைக் கிளறிவிட்ட மலையில், தேயிலைத் தூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஈரச் செம்மண், மயிர் போன்ற ஒரு வேர்த் துணுக்கு, மக்கிப்போன இலையின் நரம்பு. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஆனால் ஒரு கிராம் மண்ணில் பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். வளமான மண்ணில் நூறு கோடியையும் தாண்டும். வகைகளே ஆயிரக்கணக்கில். நாம் தூவிய யூரியாவை அமோனியாவாக உடைப்பவை சில. அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுபவை வேறு சில. நிழலுக்கு நட்ட முள்முருங்கையின் வேர் முடிச்சுகளுக்குள் குடியிருந்து, காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துக் கொடுப்பவை இன்னும் சில. இந்தத் தோட்டத்தில் நமக்குத் தெரியாமலே முழுநாள் வேலை செய்கிறவை இவை.

யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய முன்பு ஒரே வழிதான் இருந்தது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஏகார் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, வளர்ந்து வருகிற புள்ளிகளை எண்ணுவது. அப்படி வளர்வது மண்ணிலிருப்பவற்றில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. மற்றவை செத்தவை அல்ல. நாம் வைக்கிற சாப்பாடும் நம் ஆய்வுகூடத்துச் சூடும் அவற்றுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். நுணுக்குக்காட்டியில் எண்ணினால் கோடி, தட்டில் எண்ணினால் சில இலட்சம். இந்த இடைவெளி நுண்ணுயிரியலாளர்களைப் பல தலைமுறையாக உறுத்தியது.

இடைவெளியைத் தாண்ட வழி காட்டியது ஒரு மூலக்கூறு. எல்லாப் பற்றீரியாவுக்குள்ளும் புரதம் செய்கிற றைபோசோம் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்கு 16எஸ் ஆர்என்ஏ என்று பெயர். அதை உண்டாக்கும் பரம்பரை அலகு (ஜீன்) ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். டிஎன்ஏயின் எழுத்துகள் நான்குதான்: ஏ, டி, ஜி, சி. இந்த 1,500 எழுத்தில் சில இடங்கள் எல்லாப் பற்றீரியாவிலும் கிட்டத்தட்ட ஒன்றே. சில இடங்கள் வகைக்கு வகை மாறும். மாறாத இடம் ஊர்ப்பேர் மாதிரி, மாறும் இடம் ஆள்பேர் மாதிரி. இதை வைத்து உயிர்களின் உறவுமுறையை வரிசைப்படுத்தலாம் என்று காட்டியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ். பற்றீரியா என்றே அதுவரை நினைத்திருந்த கூட்டத்துக்குள் ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறான ஒரு குலம் இருப்பதை, 1977இல் ஜோர்ஜ் ஃபொக்ஸுடன் சேர்ந்து அவர் அறிவித்ததும் இந்த மூலக்கூறைப் படித்துத்தான்.

ஆக, வளர்க்கத் தேவையில்லை, பேரைப் படித்தால் போதும் என்றாயிற்று. ஆயிரக்கணக்கான பேர்களை ஒரே நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது? அங்கேதான் மைக்ரோ அரே, சுருக்கமாகச் சிப், வருகிறது.

டிஎன்ஏ இரட்டை இழை. ஒரு பக்கத்து ஏ எதிர்ப்பக்கத்து டியோடு மட்டும் சேரும். ஜி, சியோடு மட்டும். இழைகளைப் பிரித்துவிட்டால் தனி இழை தன் சோடியைத் தேடிக்கொண்டே இருக்கும், கண்டால் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோ அரே முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல், இந்த இடத்தில் இன்னாரின் எழுத்து வரிசை என்று குறித்துவைத்து, சிறுசிறு தனி இழைகளை நட்டுவைக்கிறார்கள். நட்ட இழைக்குப் பேர் புரோப். நாற்று நட்டதுபோல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே இழையின் எண்ணற்ற பிரதிகள். செக்ரோலில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆள் என்றால், சிப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பேர். 1995இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு சிறு செடியின் 45 பரம்பரை அலகுகளை வைத்து இந்த முறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

சுற்றாடல் ஆய்வில் பேர்பெற்ற சிப்கள் இரண்டு. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடத்தில் உருவான பைலோசிப், "யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறது, அதிலிருப்பவை 16எஸ் பேர்கள். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஜிட்சோங் ஷோவின் குழு வளர்த்தெடுத்த ஜியோசிப் வேறொன்றைக் கேட்கிறது: "என்ன வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்?" நைதரசன் பதிக்க, அமோனியாவை ஒட்சியேற்ற, எண்ணெயை உடைக்க என்று, வேலைகளுக்கான பரம்பரை அலகுகளே அதில் நடப்பட்டிருக்கின்றன. 2007இல் வெளிவந்த ஜியோசிப்பில் 50 எழுத்து நீளமுள்ள 24,000க்கு மேற்பட்ட புரோப்கள் இருந்தன. ஒன்று பேர்ப் பதிவு, மற்றது வேலைப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

பைலோசிப்பைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பெருவிரல் நகமளவுச் சதுரம், பக்கம் 1.28 சென்ரிமீற்றர். இரண்டாம் தலைமுறைச் சிப்பில் அதற்குள் ஐந்து இலட்சம் புள்ளிகள்; அவற்றைக் கொண்டு 8,741 வகைகளைத் தேடலாம். மூன்றாம் தலைமுறையில் பதினொரு இலட்சம் புரோப்கள், ஏறத்தாழ 60,000 வகைகள். ஒவ்வொரு புரோப்பும் 25 எழுத்து. இருபத்தைந்து எழுத்து போதுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான்கு எழுத்தை 25 இடத்தில் வைக்கும் வழிகள் எத்தனை என்று பெருக்கிப் பார்க்கச் சொல்வேன். ஆயிரம் இலட்சம் கோடியைத் தாண்டும். தற்செயலாக இன்னொருவருக்கும் அதே பேர் அமைவது அரிது.

ஆனால் உறவுக்காரர்களின் பேர் ஒத்திருக்குமே? செல்லம்மா என்று கூப்பிட்டால் செல்லாயியும் திரும்பிப் பார்ப்பாளே? இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு சரியான புரோப்புக்கும் பக்கத்தில், நடுவே 13ஆவது எழுத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி ஒரு தவறான புரோப்பையும் நட்டிருப்பார்கள். சரியான பேருக்கு உரத்த குரலும் தவறான பேருக்கு மெல்லிய முணுமுணுப்பும் வந்தால், வந்தவர் அவரேதான். இரண்டுக்கும் ஒரே அளவு குரல் வந்தால் அந்தக் குரலை நம்பக்கூடாது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 11 சோடிப் புரோப்கள்; அவற்றில் பத்துக்கு ஒன்பதாவது சரியாகப் பதில் சொன்னால்தான் "இருக்கிறார்" என்று எழுதுவது. ஒரு முறை கூப்பிட்டு எழுதிவிட்டுப் போகிற கணக்கு இல்லை இது.

இனி, மண் எப்படிச் சிப்புக்குப் போகிறது என்று பார்க்கலாம். எடுத்த மண்ணை உடனே குளிரில் வைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அரைக் கிராம் மண்ணைப் பொடிக் கண்ணாடி மணிகளோடும் சவர்க்காரம் போன்ற ஒரு கரைசலோடும் குலுக்கினால் கலங்கள் உடைந்து டிஎன்ஏ வெளியே வரும். மண்ணையும் புரதத்தையும் நீக்கி மதுசாரம் சேர்த்தால் டிஎன்ஏ வெள்ளையாகத் திரள வேண்டும். "வேண்டும்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முதன்முதலாகத் தேயிலை மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்தபோது குழாயில் வந்தது சாயத் தண்ணி நிறத்தில் இருந்தது. அடுத்த படி டிஎன்ஏயைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர், கொவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பிசிஆர். அதற்குள் அந்தக் குழாயை வைத்தேன், ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மக்கிய இலைதழையில் உண்டாகும் ஹியூமிக் அமிலங்களும் தேயிலையின் பொலிபீனோல்களும் டிஎன்ஏயோடு சேர்ந்தே கரைந்து வருகின்றன. தேநீருக்கு நிறம் கொடுக்கிற அதே குடும்பத்துப் பொருள், பிசிஆரின் நொதியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பத்து மடங்கு ஐதாக்கி மீண்டும் வைத்தபோது வந்தது. மலையக மண்ணில் வேலை செய்ய வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குழாயின் நிறத்தைப் பாருங்கள், மஞ்சளோ பழுப்போ இருந்தால் அவசரப்படாதீர்கள்.

பைலோசிப் என்றால், பிசிஆரில் 16எஸ் பகுதியை மட்டும் பெருக்கி, சிறு துண்டுகளாக்கி, ஒளிரும் சாயத்துக்காக ஓர் ஒட்டு வைத்து, சிப்பின் மேல் ஊற்றி, ஓர் இரவு முழுக்க இளஞ்சூட்டில் மெதுவாகச் சுழல விடுவார்கள். அந்த இரவில்தான் இழைகள் தம் சோடியைத் தேடிப் பிடிக்கின்றன. காலையில் கழுவினால், ஒட்டாதவையும் அரைகுறையாக ஒட்டியவையும் போய்விடும். பிறகு லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாக ஓட்டிப் படம் எடுப்பார்கள். திரையில் பார்த்தால் ராத்திரியில் எதிர்மலையின் லய வீடுகளின் விளக்குகளைப் பார்ப்பதுபோல் இருக்கும். கறுப்புப் பரப்பில் எண்ணற்ற புள்ளிகள். சில பளிச்சென்று, சில மங்கலாக, பல இருட்டாக. எந்தப் புள்ளி யாருடையது என்று நமக்கு முன்பே தெரியும். ஒளிர்ந்தால் ஆள் வந்திருக்கிறார்.

ஒளியின் அளவை வைத்து எத்தனை பேர் என்று சொல்லலாமா? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனித் தராசு. ஜியும் சியும் அதிகமுள்ள இழை இறுக்கமாக ஒட்டும், மற்றது இளக்கமாக. நேற்றும் இன்றும் ஒரே தராசில் நிறுத்தால் கொழுந்து கூடியதா குறைந்ததா சொல்லலாம். வெவ்வேறு தராசில் நிறுத்த இருவரில் யார் அதிகம் பறித்தார் என்று சண்டை போட முடியாது. ஆகவே சிப்பை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த வகை உரம் போட்ட மலையில் அதிகமா, போடாத மலையில் அதிகமா?" என்பது. "இந்த வகை அந்த வகையைவிட அதிகமா?" என்பது அல்ல.

இதன் பலத்தை உலகம் கண்ட சந்தர்ப்பம் 2010. மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து, ஆழ்கடலில் 1,100 மீற்றர் அளவில் எண்ணெய்ப் புகைபோல் ஒரு படலம் பரவியது. அங்கே நீர் 5 பாகை செல்சியஸ் அளவு குளிர். தை மாசி விடியலில் நுவரெலியாவில் கை விறைக்குமே, அந்தக் குளிர். அந்தக் குளிரில் எண்ணெயை யார் தின்னப் போகிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். படலத்து நீரையும் வெளி நீரையும் பைலோசிப்பில் போட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான கூட்டங்கள் பதில் சொன்னாலும், படலத்துக்குள் தெளிவாகப் பெருகியிருந்தவை 16 மட்டுமே. அதில் முன்னணியில் ஓஷனோஸ்பிரில்லேல்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்தவை. ஜியோசிப்பில் பார்த்தால் எண்ணெயை உடைக்கும் பரம்பரை அலகுகளும் கூடியிருந்தன. குளிருக்குப் பழகிய உள்ளூர்ப் பற்றீரியாக்களே வேலைக்கு இறங்கியிருந்தன. தட்டில் வளர்த்துப் பார்க்கக் காத்திருந்தால், அத்தனை விரைவில் அது தெரிந்திருக்காது.

நம் மலைகளுக்கு வருவோம். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி, மண்ணின் அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை அதற்கு நல்லது. நாம் போடும் நைதரசன் உரம் அந்த மண்ணை மேலும் அமிலமாக்குகிறது. அதைச் செய்வது உரமூட்டை அல்ல, நுண்ணங்கிகள். ஓர் அமோனியம் அயன் நைத்திரேற்றாகும்போது இரண்டு ஐதரசன் அயன்கள் மண்ணில் விடுபடுகின்றன. நைத்திரேற்று மண்ணில் பிடித்து நிற்காது. சரிவில் ஒரு பெருமழை பெய்தால் ஓடைக்கும், ஓடையிலிருந்து கொத்மலைக்கும் மகாவலிக்கும் போகும். ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டாக ஆகாயத்துக்கு ஏறும். அது பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 270 மடங்கு வலியது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தை ஒட்டி டொலமைட் சுண்ணாம்புத்தூள் தூவுவது இந்த அமிலத்தைத் தணிக்கத்தான். தூவிய பிறகு அமோனியாவை ஒட்சியேற்றுபவர்கள் கூடுகிறார்களா குறைகிறார்களா? நைதரசு ஒட்சைட்டை மறுபடி சாதாரண நைதரசனாக்கும் பரம்பரை அலகு அங்கே எவ்வளவு? ஜியோசிப் போன்ற ஒன்று இப்படிப்பட்ட கேள்விக்கென்றே செய்யப்பட்டது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. நூறு வருடமாக இந்த மண்ணைப் பற்றி நமக்குச் சேர்ந்திருக்கும் அறிவுக்குப் பக்கத்தில், இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தின் கணக்கும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீரையும் சொல்ல வேண்டும். லயத்துக்கு மேலே ஊற்று, ஊற்றுக்கு மேலே இன்னொரு லயம், பக்கத்தில் மாட்டுப்பட்டி. நீரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிபோர்ம் பற்றீரியா இருக்கிறது என்று வழக்கமான சோதனை சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. மனிதக் குடலில் வாழும் கூட்டமும் மாட்டின் குடலில் வாழும் கூட்டமும் பறவையின் கூட்டமும் ஒன்றல்ல. ஒரே ஒரு பற்றீரியாவைத் தேடாமல் கூட்டம் முழுவதன் பேரையும் கூப்பிட்டால், எந்தக் கூட்டத்தின் சாயல் என்று பிரித்தறியலாம். பைலோசிப்பைக் கொண்டு கழிவின் மூலத்தை இப்படிப் பிரித்தறியும் முறை 2012இல் வெளிவந்தது. மலசலகூடத்தைத் திருத்துவதா, பட்டியை மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டிய ஊருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இனி இதன் குறை. அது சிறியதல்ல. செக்ரோலில் பேர் இல்லாதவர் பெரட்டில் முன்வரிசையில் நின்றாலும் கணக்கில் வரமாட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் பதிவுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். பதிவில் இல்லாததால் ஆளே இல்லை என்றாகிவிடாது என்பதை நம்மைவிட நன்றாக யார் அறிவார்? சிப்பின் முடிவைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைக்கச் சொல்வேன். சிப் செய்தவருக்கு யாரைத் தெரியுமோ, அவர்களைத்தான் அது கூப்பிடும்.

ஓர் உதாரணம். அமோனியாவை ஒட்சியேற்றுவது பற்றீரியாக்கள் மட்டுமே என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். அதே வேலையைச் செய்யும் ஓர் ஆர்க்கியாவை 2005இல் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத் தொட்டி ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். 2011இல் ஸ்கொட்லாந்தின் அமில வயல்மண்ணிலிருந்து இன்னொன்று கிடைத்தது. அது பிஎச் 4க்கும் 5.5க்கும் இடையில்தான் வளரும். அப்படியே நம் தேயிலை மண்ணின் அளவு. பற்றீரியாப் பேர்களை மட்டும் வைத்துச் செய்த பழைய சிப் ஒன்றில் அமிலத் தேயிலை மண்ணைப் போட்டிருந்தால், "இங்கே இந்த வேலைக்கு ஆள் குறைவு" என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. 1869இல் இலங்கைக் கோப்பிச் செடியில் கண்ட இலைத்துரு நோய்தான் கோப்பியை அழித்து, இந்த மலைகளைத் தேயிலை மலைகளாக்கியது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இரண்டுக்கும் காரணம் பங்கசு, அதாவது பூஞ்சை. பங்கசுக்கு 16எஸ் இல்லை, அதன் றைபோசோமில் இருப்பது 18எஸ். நம் வரலாற்றையே புரட்டிப்போட்ட நுண்ணங்கி பைலோசிப்பில் ஒரு புள்ளியைக்கூட ஒளிரச் செய்யாது.

செத்த கலத்தின் டிஎன்ஏயும் மண்ணில் நெடுநாள் கிடக்கும், அதுவும் ஒளிரும். இப்போது வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்று அறிய டிஎன்ஏயை விட்டுவிட்டு, கலம் வேலை செய்யும்போது உண்டாக்கும் ஆர்என்ஏயை எடுக்க வேண்டும். அது சீக்கிரம் அழிந்துவிடுவதால் இன்னும் கவனமான வேலை.

இன்று பெரும்பாலான ஆய்வுகூடங்கள் டிஎன்ஏயை நேரடியாக எழுத்து எழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தலுக்கு மாறிவிட்டன. அது முன்பட்டியல் கேட்பதில்லை. களத்தில் நிற்பவரிடமே பேரைக் கேட்டு எழுதிக்கொள்ளும். புதிதாக ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரே கேள்வியை நூறு மாதிரிகளில், வருடா வருடம், ஒரே தராசில் நிறுக்க வேண்டுமென்றால் சிப்புக்கு இன்னும் இடம் உண்டு. பெருங்கூட்டத்தின் குரலில் சிறு கூட்டத்தின் குரல் அமுங்கிப்போவதும் சிப்பில் குறைவு. ஒவ்வொருவருக்கும் தனி இடம் ஒதுக்கியிருப்பதால்.

எந்தக் கருவிக்கு அனுப்பினாலும் மண் எடுப்பது நம் கையில். ஒரு மலையில் ஓர் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள். மேட்டில், நடுவில், பள்ளத்தில் என்று பல இடத்தில் எடுங்கள். மேலே கிடக்கும் இலைச்சருகை ஒதுக்கிவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் எடுங்கள். பையின் மேலேயே அழியாத மையால் மலையின் நம்பர், கவ்வாத்து வெட்டிய வருடம், கடைசியாக உரம் போட்ட தேதி, முந்தின நாள் மழை பெய்ததா இல்லையா என்று எழுதிவிட்டுக் குளிர்ப்பெட்டியை மூடுங்கள்.